மேடைப் பலகைகளைக் கழற்றும் முன்: எங்கள் மண்டபத்தின் அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மண்டபத்தின் அறங்காவலர்களே,

கார்த்திகை கடைசி வாரத்தில் மண்டப வாசலில் நீங்கள் ஒட்டிய அறிவிப்பில் மொத்தம் நான்கு வரிகள். பொங்கலுக்குப் பிறகு மேடை இடிக்கப்பட்டுத் தரை முழுவதும் டைல்ஸ் பதிக்கப்படும். மண்டபத்துக்குக் குளிர்சாதன வசதி செய்யப்படும். மாலை நேரங்களும் ஞாயிற்றுக்கிழமைகளும் இனி வரவேற்பு, நிச்சயதார்த்தம் போன்ற நிகழ்ச்சிகளுக்கு மட்டும் மணிக்கணக்கு வாடகையில் தரப்படும். மேடைக்கு அடியில் உள்ள அறையைப் பயன்படுத்துவோர் பொங்கலுக்குள் காலி செய்துவிட வேண்டும்.

‘பயன்படுத்துவோர்’ என்று நீங்கள் எழுதியிருப்பது எங்களைத்தான். 41 ஆண்டுகளாக இந்த மயிலாப்பூர் மண்டபத்தில் ஒத்திகை பார்த்து, இதே மேடையில் ஆடிவரும் நாட்டிய நாடகக் குழு நாங்கள். தொடங்கிய ஆண்டிலேயே எட்டு வயதுப் பெண்ணாக மான்குட்டி வேடம் கட்டி இந்த மேடையில் ஏறியவள் நான். என் அம்மா வடக்கு மாட வீதியில் பூக்கட்டி விற்றவர். இன்று பகலில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறேன். மாலையில் இங்கே வந்து, ஆட்டத்துக்குத் தாளம் தட்டி நட்டுவாங்கம் செய்கிறேன். உங்கள் அறிவிப்பைப் பிள்ளைகளுக்குப் படித்துக்காட்ட வேண்டிய பொறுப்பு என்மேல் விழுந்தது. படித்து முடித்ததும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “டீச்சர், அப்போ பங்குனிக்கு ஆடமாட்டோமா?” என்று கேட்டாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லாததால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். உங்கள் அலுவலகத்துக்கு இரண்டு முறை கடிதம் கொடுத்தோம். பதில் வரவில்லை. ஆகவே இதை ஊரறிய எழுதுகிறேன்.

நாட்டிய நாடகக் குழுவுக்கு மேடையும் கூடமும் ஏன் இவ்வளவு முக்கியம் என்று உங்களில் ஒருவர் நேரிலேயே கேட்டார். “வீட்டில் பழகிக்கொள்ளலாமே, இப்போது எல்லாமே பதிவு செய்த இசைதானே” என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்விதான். தனியாக ஆடுபவருக்கு அது பொருந்தும். தனி ஆட்ட வரிசையான மார்கம் ஆடும் பெண்ணுக்கு ஓர் அறையும் ஒரு கண்ணாடியும் போதும். நாட்டிய நாடகம் அப்படி நடப்பதில்லை. பதினேழு பேர் ஆடுகிறார்கள். குறத்தி வலப்பக்கத்திலிருந்து நுழையும்போது தோழிகள் ஆறு பேரும் இடப்பக்கம் ஒதுங்கியிருக்க வேண்டும். ஒதுங்குவது எத்தனையாவது தட்டில், எந்தப் பலகையில் என்பதெல்லாம் கால்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தீர்மானம் என்ற முடிப்பு அடவுக் கோவை முடியும்போது பதினேழு வலக்கால்களும் ஒரே நொடியில் விழ வேண்டும். ஒன்று பின்தங்கினாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவின் காது கண்டுபிடித்துவிடும். பாடுபவர் அன்று சற்று இழுத்துப் பாடினால் மிருதங்கம் அதற்கு இடம் கொடுக்கும். என் தாளமும் கொடுக்கும். ஆடுபவர்களும் கொடுக்க வேண்டும். ஒரே இடத்தில், வாரம் மூன்று முறை, பல மாதங்கள் சேர்ந்து நின்றால்தான் இது உடம்பில் ஏறும். பத்துக்குப் பன்னிரண்டு அறையுள்ள வாரியக் குடியிருப்பு வீட்டில் எந்தப் பிள்ளை எங்கே பழகும்?

இந்த ஊரில் நாட்டிய நாடகம் வளர்ந்த கதையும் இதைத்தான் காட்டுகிறது. தனி ஆட்டம்தான் பழையது, கூட்டாக ஆடுவது பின்னால் ஒட்டவைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் தஞ்சைப் பெரிய கோயிலில் சரபேந்திர பூபாலக் குறவஞ்சியைக் கோயில் நடனப் பெண்கள் கூட்டாகத்தான் ஆடினார்கள். குறவஞ்சி என்றால், காதலில் ஏங்கும் தலைவிக்குக் குறத்தி வந்து குறி சொல்லும் நாடகம். ஒருத்தி தலைவி, ஒருத்தி குறத்தி, மற்றவர்கள் தோழிகள். அவர்கள் பேணிய சதிர் என்ற ஆட்டம் ஏச்சுக்கும் எதிர்ப்புக்கும் ஆளாகி, பின்பு பரதநாட்டியம் என்ற பெயரில் சென்னை சபா மேடைகளுக்கு வந்தபோது, வந்து நிலைத்தது பெரும்பாலும் தனி ஆட்டம். குறவஞ்சி பின்தங்கியது.

அதை மேடைக்குத் திரும்பக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ருக்மிணி தேவி. அவர் முதலில் கற்கத் தொடங்கியது பாலே. 1920களின் இறுதியில் ரஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவின் நட்பைப் பெற்று, அவருடைய குழுவிலிருந்த கிளியோ நோர்டியிடம் பயின்றார். உன் நாட்டு நடனத்தைத் தேடிப் போ என்று பாவ்லோவாதான் அவரைத் திருப்பிவிட்டதாகச் சொல்வார்கள். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்று, 1935-ல் அடையாற்றில் ஆடி, 1936-ல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். 1944-ல் குற்றாலக் குறவஞ்சி மேடையேறியது. 1955-ல் சீதா சுயம்வரத்துடன் தொடங்கிய அவருடைய ராமாயண வரிசை மகா பட்டாபிஷேகத்துடன் நிறைவுபெற்றது 1970-ல். ஆறு நாடகங்களுக்குப் பதினைந்து ஆண்டுகள். இசையமைத்துக்கொண்டிருந்த மைசூர் வாசுதேவாச்சாரியார் நடுவிலேயே 1961-ல் மறைந்தார். பேரன் ராஜாராம் தொடர்ந்து முடித்தார். ஒரு தலைமுறை போய் அடுத்த தலைமுறை வந்து வேலையை எடுத்துக்கொள்ளும்வரை ஒரு குழு கலையாமல் இருந்திருக்கிறது. அடையாற்று வளாகத்தை விட்டு வர வேண்டியிருந்தபோது அவர்களுக்குத் திருவான்மியூரில் நிலம் இருந்தது. எங்களுக்கு அப்படி ஓரிடம் இல்லை.

இதே ஊரில்தான் வெம்பட்டி சின்ன சத்யம் 1963-ல் குச்சிப்புடி அகாடமியைத் தொடங்கினார். கிராமத்துத் திறந்தவெளியில் விடிய விடிய நடந்த ஆட்டத்தைச் சென்னை மேடைக்கு ஏற்ற நாட்டிய நாடகங்களாக அவர் வடித்தார். ஆந்திரத்துக் கலை இங்கே பேர் பெற்றதற்கு அவருடைய குழு ஓரிடத்தில் ஊன்றி நின்று உழைத்ததும் ஒரு காரணம்.

இவர்களெல்லாம் பெரிய பெயர்கள். எங்கள் வாத்தியார் அப்படிப் பெரிய பெயர் இல்லை. இளம் வயதில் இந்த நாட்டிய நாடகங்களையெல்லாம் தரை டிக்கெட்டில் பார்த்துப் பார்த்து, குமாஸ்தா வேலையில் மிச்சம் பிடித்த பணத்தில் இந்தக் குழுவைத் தொடங்கியவர். எங்கள் முதல் நோட்டீஸில் ‘நாட்டிய நாடகம் (பாலே)’ என்றே அச்சடித்தார். பழைய சென்னைக்காரர்களுக்கு அந்தச் சொல்தான் பழக்கம். அவர் மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கடைசி ஓராண்டு நடக்க முடியாதபோதும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் வந்து, மேடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். யாருடைய கால் தவறுகிறது என்று பலகைச் சத்தத்தை வைத்தே சொல்லுவார்.

அந்தப் பலகைகளைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். ‘மேடை இடிக்கப்படும்’ என்று இரண்டே சொற்களில் எழுதிவிட்டீர்கள்.

மண்டபத்தின் மேடை தேக்குப் பலகையால் ஆனது. பலகைகள் நேராகத் தரையில் கிடக்கவில்லை. குறுக்குச் சட்டங்களின்மேல் ஆணியடித்துப் பொருத்தப்பட்டிருக்கின்றன. அடியில் ஆள் குனிந்து போகும் அளவுக்கு வெற்றிடம். மிதித்தால் பலகை கண்ணுக்குத் தெரியாத அளவு இறங்கி ஏறும். பாலே ஆடுபவர்கள் உலகம் முழுக்க இப்படி மீளும் தரையில்தான் பழகுகிறார்கள். நம் ஆட்டத்துக்கு இது இன்னும் அவசியம். அவர்கள் காலணி அணிந்து ஆடுகிறார்கள். நாம் வெறுங்காலில், முழங்கால்களைப் பக்கவாட்டில் மடித்து அரைமண்டியில் உட்கார்ந்து, முழுப் பாதத்தால் தட்டுகிறோம். ஒரு பிள்ளை ஒரு மாலையில் தட்டடவு என்ற அடிப்படை அசைவை மூன்று வேகத்திலும் எட்டு வகையாகச் செய்தாலே ஆயிரத்துக்கு மேல் தட்டிவிடும். குத்தடவில் குதித்து இறங்கும்போது உடம்பின் எடை முழுவதும் முன்பாதத்தில் விழுகிறது. பலகை அந்த அடியில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். சிமென்ட்டின்மேல் டைல்ஸ் பதித்த தரை எதையும் வாங்கிக்கொள்ளாது. கொடுத்ததை அப்படியே குதிகாலுக்கும் முழங்காலுக்கும் திருப்பி அனுப்பும். கணுக்காலுக்கு மேலே எலும்பில் கீறல் விழுந்து ஆறு மாதம் ஆட முடியாமல் போன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் மொட்டை மாடிகளிலும் வாகன நிறுத்தத் தரைகளிலும் பழகியவர்கள். எங்கள் குழுவில் இந்த 41 ஆண்டுகளில் அப்படி ஒரு பிள்ளைக்கும் ஆகவில்லை. என் முழங்காலே அதற்குச் சாட்சி. 49 வயதில் இன்றும் அரைமண்டியில் உட்கார்ந்து காட்டித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது பலகையில் ஒரு மரக்கணு முடிச்சு இருக்கிறது. சிறு குழந்தையின் உள்ளங்கை அளவு. மற்ற இடமெல்லாம் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது. முடிச்சு மட்டும் தேயாமல் லேசாக மேடிட்டு நிற்கிறது. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நாங்கள் முதலில் காட்டுவது அதைத்தான். கண்ணை மூடிக்கொண்டு பின்னால் நகர்ந்தாலும் குதிகாலில் அது தட்டுப்பட்டால் மேடையின் ஓரத்துக்கு இன்னும் இரண்டடி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். நானும் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். இந்த மேடையிலிருந்து பிள்ளைகள் கீழே விழாததற்கு அந்த முடிச்சும் காரணம்.

இனி இந்த மேடையில் யார் ஆடுகிறார்கள் என்பதைச் சொல்கிறேன். அறங்காவலர் ஒருவர் எங்களிடம், “வாசல் முழுக்கச் செருப்பைக் குவித்துவைக்கிறார்கள், மண்டபத்தின் தரத்துக்கு ஏற்றதாக இல்லை” என்றார். செருப்பை வரிசையாக விடச் சொல்லிவிட்டோம். ‘தரம்’ என்ற சொல் மட்டும் மனதை விட்டு அகலவில்லை.

இன்று பரதம் கற்கும் பிள்ளை மேடையேற வேண்டுமானால் அரங்கேற்றம் செய்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. பக்கவாத்தியக்காரர்கள், அரங்க வாடகை, பட்டு ஆடைகள், நகைகள், ஒப்பனை, அழைப்பிதழ், வருபவர்களுக்குச் சாப்பாடு என்று செலவு லட்சங்களில் போகிறது. அந்தப் பணம் இல்லாத பிள்ளை ஐந்து வருடம் அடவு பழகிவிட்டு நின்றுவிடுகிறது. அப்படி நின்றுபோக இருந்தவர்களுக்கு இந்த ஊரில் இருக்கும் வாசல்களில் ஒன்று நாட்டிய நாடகம். எங்கள் பதினேழு பேரில் பதினொரு பேரிடம் நாங்கள் கட்டணம் வாங்குவதில்லை. நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம், மந்தைவெளி சந்துகள், மீர்சாகிப்பேட்டை ஆகிய இடங்களிலிருந்து வருகிறார்கள். ஒருத்தியின் தாய் மீன் விற்கிறார். ஒருவனின் தந்தை இஸ்திரி வண்டி வைத்திருக்கிறார். எங்கள் ஆடைகளுக்கெல்லாம் மடிப்பு எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். விசிறி மடிப்பு ஒன்றுக்கு அரை மணி நேரம் நின்று தேய்ப்பார், காசு வாங்கமாட்டார். பெரிய மருத்துவமனையில் இதய மருத்துவராக இருக்கும் அம்மையாரின் மகளும் இந்தப் பிள்ளைகளோடு தோழிகள் வரிசையில்தான் நிற்கிறாள். மீன்காரரின் மகள் குற்றாலக் குறவஞ்சியில் தலைவி வசந்தவல்லி. அவளுக்குத்தான் கண் அப்படிப் பேசும் என்பதால் அந்த வேடம் அவளுக்கு. இதில் யாருக்கும் மனத்தாங்கல் வந்ததில்லை. இந்தத் தரத்தை இழக்க எங்களுக்கு மனமில்லை.

உங்களில் மூத்தவர்களுக்கு 2004 டிசம்பர் 26 நினைவிருக்கும். அது ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழரைக்கே ஒத்திகையைத் தொடங்கியிருந்தோம். சீனிவாசபுரத்திலிருந்தும் நொச்சிக்குப்பத்திலிருந்தும் வரும் ஒன்பது பிள்ளைகள் மேடையில் இருந்தார்கள். ஒன்பது மணி சுமாருக்குத் தெருவில் ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது. கடல் உள்ளே வந்துவிட்டது என்றார்கள். எங்களுக்குப் புரியவில்லை. வாத்தியார் கதவைச் சாத்தச் சொல்லி, பிள்ளைகளை மேடையிலிருந்து இறங்காமல் இருக்கச் சொன்னார். சற்று நேரத்தில் ஒரு தகப்பனார் இடுப்புக்குக் கீழே மணலும் ஈரமுமாக வாசலில் வந்து நின்றார். தன் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. மேடையைப் பார்த்து, விரலை நீட்டி, ஒன்று இரண்டு என்று பிள்ளைகளை எண்ணினார். ஒன்பது வந்ததும் திரும்ப முதலிலிருந்து எண்ணினார். பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பிள்ளைகளின் வீடுகள் இருந்த வரிசையில் அன்று காலை எதுவும் மிஞ்சவில்லை.

அன்று இரவு முதல் மூன்று வாரம் குப்பத்துக் குடும்பங்கள் இந்த மண்டபத்தில் படுத்தன. கைக்குழந்தைகளை மேடைப் பலகைமேல் படுக்கவைத்தோம். சிமென்ட் தரையின் குளிர் அங்கே ஏறாது. அந்நாளில் அறங்காவலராக இருந்த பெரியவர் சாவியைக் கொண்டுவந்து வாத்தியார் கையில் கொடுத்துவிட்டு, “எத்தனை நாள் வேண்டுமோ வைத்துக்கொள்ளுங்கள்” என்றார். அவர் இப்போது இல்லை. அவர் உட்கார்ந்த நாற்காலியில்தான் உங்களில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அடுத்த பங்குனிக்கு என்ன ஆடுவது என்று பெரிய குழப்பம் வந்தது. வருடந்தோறும் அறுபத்துமூவர் விழாவையொட்டி நாங்கள் பூம்பாவை கதையை ஆடுவது உங்களுக்குத் தெரியும். பாம்பு தீண்டி இறந்த மகளின் சாம்பலைத் தகப்பன் சிவநேசர் குடத்தில் இட்டு வைத்திருக்கிறார். திருஞானசம்பந்தர் வந்து, மயிலாப்பூரின் திருவிழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதையெல்லாம் காணாமலே போய்விடுவாயா என்று அந்தப் பெண்ணைக் கேட்டுக் கேட்டு எழுப்புகிறார். ஓண விழா, கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம். அதில் கடலில் நீராடும் மாசிக் கடலாட்டும் வரும். சாம்பல் குடத்தையும் கடலையும் அந்த வருடம் எப்படி மேடையில் வைப்பது? வேறு நாடகம் போடலாம், அல்லது கடலாட்டை மட்டும் விட்டுவிடலாம் என்று வாத்தியார் நினைத்தார். குப்பத்துத் தாய்மார்களை உட்காரவைத்துக் கேட்டார். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, “எதையும் எடுக்காதீங்க சார், கடல் எங்க கடல்தானே” என்றார்கள். அந்த ஆண்டு பூம்பாவையாக ஆடியது கடலில் பாட்டியை இழந்த பெண். கொசப்பேட்டையில் வாங்கிய மண்குடத்துக்குப் பின்னால் அவள் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கடலாட்டு வந்தபோது முன்வரிசைப் பெண்கள் அழுதார்கள். நான் தாளத்தைத் தவறவிடாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் எழுந்து நின்றதும் யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையிலிருந்த தாய்மார்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அன்றைய பூம்பாவை இப்போது அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. விடுமுறை ஞாயிறுகளில் வந்து சின்னப் பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக்கொடுக்கிறாள்.

உங்களுக்கும் சிரமங்கள் இருக்கின்றன. கூரை ஒழுகுகிறது. மின்கட்டணமும் சொத்து வரியும் ஏறியிருக்கின்றன. நாங்கள் கொடுக்கும் மாதம் 2,000 ரூபாய் எதற்கும் காணாது என்பது உண்மை. அதை உயர்த்துங்கள் என்று நாங்களே சென்ற ஆண்டு எழுதிக் கேட்டோம். ஆனால் நீங்கள் இப்போது வைத்திருப்பது மணிக்கு 1,200 ரூபாய். செவ்வாய் இரண்டு மணி, வியாழன் இரண்டு மணி, ஞாயிறு நான்கு மணி என்று வாரத்துக்கு எட்டு மணி நேரம். நான்கு வாரத்துக்கு 38,400 ரூபாய். எங்கள் குழுவில் சம்பளம் வாங்குபவர் யாரும் கிடையாது. பாடகருக்கும் மிருதங்கக்காரருக்கும் நிகழ்ச்சியன்று மட்டும் சிறு தொகை தருகிறோம். இந்த வாடகையை எங்கள் தலையில் வைத்தால், கட்டணம் கட்டக்கூடிய ஆறு பிள்ளைகள் மட்டும் மிஞ்சுவார்கள். ஆறு பேரை வைத்துக் குறவஞ்சி ஆட முடியாது.

வரவேற்புகளால் வருமானம் வரும் என்ற உங்கள் கணக்கையும் கொஞ்சம் திரும்பப் பாருங்கள். செவ்வாய்க்கிழமையில் நிச்சயதார்த்தம் வைக்கத் துணிபவர் நம் ஊரில் எத்தனை பேர்? ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண மண்டபங்களே காற்று வாங்குகின்றன. முகூர்த்த ஞாயிறுகளில் நீங்கள் கேட்டபோதெல்லாம் நாங்கள் மறுபேச்சில்லாமல் விட்டுக்கொடுத்திருக்கிறோம். சென்ற ஆண்டு மட்டும் அப்படி ஒன்பது ஞாயிறுகளை விட்டுக்கொடுத்தோம். இனியும் அப்படியே செய்வோம். எங்களை வைத்துக்கொண்டே நீங்கள் மண்டபத்தை வாடகைக்கு விடலாம். மெட்ரோ வேலையால் சாலை அடைபட்டிருக்கும் இந்த நாட்களில், கார் நிறுத்த இடமில்லாத இந்தச் சந்துக்குள் குளிர்சாதனம் இருக்கிறது என்பதற்காக எவ்வளவு பேர் வருவார்கள் என்பதையும் யோசிக்க வேண்டுகிறேன்.

மேடைக்கு அடியிலுள்ள அறையில் ஐந்து தகரப் பெட்டிகள் இருக்கின்றன. அறுபதுக்கு மேற்பட்ட ஆடைகள், குறத்தியின் கூடைகள், மான் முகங்கள், ராமனின் வில், கெம்புக்கல் நகைகள், முதல் ஆண்டு முதலான நோட்டீஸ்கள். பூச்சி வராமல் இருக்க வசம்பைத் துணியில் முடிந்து பெட்டிக்கு நான்காகப் போட்டுவைத்திருக்கிறோம். மாதம் ஒருமுறை வெயிலில் காயவைக்கிறோம். இவ்வளவையும் பொங்கலுக்குள் எந்த வீட்டில் கொண்டுபோய் வைப்பது? எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் பீரோ வைக்கவே இடமில்லை.

இன்னொன்று. மண்டப வாசலின் வலப்பக்கச் சுவரில் ஒரு சலவைக்கல் பதித்திருக்கிறது. இந்த இடத்தைத் தானமாகக் கொடுத்தவர் வைத்த கல். ‘இசைக்கும் கூத்துக்கும் நூல் வாசிப்புக்கும் பொதுவில் விடப்பட்டது’ என்று அதில் வெட்டியிருக்கிறது. மூன்று மாதங்களாக அதன்மேல் வாடகை விளம்பரப் பதாகை தொங்குகிறது. வேண்டுமென்றே மறைத்தீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மேடையை இடிக்கத் தீர்மானம் போடும் முன் உங்களில் ஒவ்வொருவரும் அந்தப் பதாகையை விலக்கி அந்த வரியைப் படித்திருக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். கூத்துக்கு விட்ட இடத்திலிருந்து கூத்தை வெளியேற்ற ஓர் அறிவிப்புத் தாள் போதாது.

எங்கள் கோரிக்கைகளைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

மேடையை இடிக்கும் வேலையை உடனே நிறுத்திவையுங்கள். மரவேலை தெரிந்த ஒருவரைக்கொண்டு சட்டங்களையும் பலகைகளையும் பார்வையிடச் செய்யுங்கள். பழுதானவற்றை மாற்றும் செலவில் பாதியை நாங்கள் திரட்டித் தருகிறோம். கீழே, பார்வையாளர் உட்காரும் பகுதியில் டைல்ஸ் பதிப்பதிலோ குளிர்சாதனம் வைப்பதிலோ எங்களுக்கு மறுப்பு இல்லை. மேடை மட்டும் மரமாகவே இருக்க வேண்டும்.

செவ்வாய், வியாழன் மாலை ஆறு முதல் எட்டு வரையும், முகூர்த்தம் இல்லாத ஞாயிறுகளில் காலை ஏழு முதல் பதினொன்று வரையும் குழுவுக்கு உரியவை என்று எழுத்தில் தாருங்கள். வியாழன் உங்களுக்கு இடைஞ்சல் என்றால் புதன் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறோம். வாடகையை மாதம் 6,000 ரூபாயாக உயர்த்திக்கொள்ளுங்கள். அதோடு, ஆண்டுக்கு ஒரு நாட்டிய நாடகத்தை டிக்கெட் வைத்து இதே மேடையில் நடத்தி, வசூல் முழுவதையும் கூரை பழுதுபார்க்கத் தருகிறோம். ஒத்திகை நேரங்களில் குளிர்சாதனம் எங்களுக்குத் தேவையில்லை. ஆடுகிற உடம்புக்கு ஜன்னல் காற்றே நல்லது.

மேடைக்கு அடியிலுள்ள அறையைக் காலி செய்யச் சொன்னதைத் திரும்பப் பெறுங்கள். குறைந்தது பங்குனி முடியும்வரை அந்தப் பெட்டிகளில் கைவைக்க வேண்டாம். சலவைக்கல்லின்மேல் இருக்கும் பதாகையை எடுத்துவிடுங்கள்.

உங்கள் அடுத்த கூட்டத்துக்கு எங்களில் இருவரை அழைத்துப் பேசுங்கள். நானும், அந்தப் பழைய பூம்பாவையும் வருகிறோம். பங்குனி நாடகத்துக்கு எழுபது நாள் ஒத்திகை வேண்டும். ஆகவே பொங்கலுக்கு முன் எழுத்தில் பதில் வேண்டுகிறோம். பதில் எதுவாக இருந்தாலும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. அதை வாசலில் ஒட்டாமல் எங்கள் கையில் கொடுங்கள். செவ்வாயும் வியாழனும் மாலை ஆறு மணிக்கு நாங்கள் மேடையில்தான் இருப்போம்.

நாட்டிய நாடகக் குழுவினர் சார்பில்,
நட்டுவாங்கம் செய்பவள்,
மயிலாப்பூர், சென்னை